மூன்று ஸ்டாண்ட் வாங்கியாயிற்று, நான்காவது எது?

கேள்வி: பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், ஏழு வயது மகள், 72 வயது மாமியார். பெயருக்கு இரண்டு பாத்ரூம்; ஒன்றில் வாஷிங் மெஷின் குடியிருப்பதால் நாலு பேருக்கும் ஒன்றுதான். ஷாம்பு, சோப்பு வைக்க ஒரு ஸ்டாண்ட் தேடி ஒன்றரை வருடத்தில் மூன்று வாங்கிவிட்டேன். முதலாவது ரப்பர் கப்பைச் சுவரில் அழுத்தி ஒட்டுவது. வாரம் ஒரு தடவை விழும். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு விழுந்து, திருடன் என்று நினைத்து மாமியார் விடியும்வரை தூங்கவில்லை. இரண்டாவது ஷவர் குழாயில் தொங்கவிடுவது. ஆறு மாதம் தொங்கியது. இப்போது ஷவர் குழாயே ஆடுகிறது. மூன்றாவது ஸ்டிக்கர் ஒட்டும் ஸ்டீல் ஷெல்ஃப். அது விழவில்லை. ஆனால் துருவே பிடிக்காது என்று விற்றது, நாலு மாதத்தில் துருப்பிடித்து டைல்ஸில் காப்பி டிகாக்‌ஷன் மாதிரி கறை வழிகிறது. சுவரில் துளை போட்டால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்கிறார் ஓனர். ஆன்லைனில் இந்தப் பொருளுக்கு 'ஷவர் கேடி' என்று பெயர் போட்டிருக்கிறார்கள். பெயருக்கேற்றபடிதான் நடந்துகொள்கிறது. நான்காவதாக எதை வாங்கட்டும்?

— ஒரு வாசகி, பெங்களூர்

அன்புள்ள சகோதரிக்கு,

கேடி என்று படித்ததும் சிரித்தேன். 'ஷவர் குழாயே ஆடுகிறது' என்ற வரி வந்ததும் சிரிப்பு போய்விட்டது. நான்காவது ஸ்டாண்ட் அப்புறம் ஆகட்டும். அந்தத் தொங்கல் இன்னும் அங்கேயே இருந்தால் இன்றைக்கே கழற்றி வையுங்கள்.

ஷவர் குழாய் சுவரோடு சேர்த்துக் கட்டிய பொருள் இல்லை. சுவருக்குள்ளே ஒரு எல்போ, அதாவது எல் வடிவ இணைப்பு, இருக்கும். அதன் மரையில் அரை அங்குலக் குழாயை, டெஃப்லான் டேப் சுற்றித் திருகி விட்டிருப்பார்கள். வெளியே தெரியும் வட்டத் தட்டு வெறும் மூடி. அது எதையும் தாங்காது. தண்ணீரைத் தெளிக்க வைத்த குழாய் அது, நாலு கிலோவைச் சுமக்க வைத்தது அல்ல. நீங்கள் ஒவ்வொரு முறை பாட்டிலை எடுத்து வைக்கும்போதும் அந்த மரை கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து, டேப் தேய்ந்து, கசிவு ஆரம்பிக்கும். அதுவும் ஷவரைத் திறந்து குளிக்கும்போது மட்டும்தான் கசியும், ஏனென்றால் அந்தக் குழாய் வால்வுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வால்வை மூடினால் கசிவும் நின்றுவிடும். அதனால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. பாத்ரூம் சுவருக்குப் பின்பக்கம் இருக்கும் அலமாரியில் பட்டுப்புடவை பூசணம் பிடித்தபிறகுதான் எனக்கு ஃபோன் வரும். இருபத்தைந்து வருடமாகப் பெங்களூரில் பாத்ரூம் வேலை எடுத்துச் செய்கிறேன். இந்த மாதிரி ஃபோன்கள் எத்தனையோ.

நீங்கள் செய்ய வேண்டியது: அந்த வட்டத் தட்டை முன்னால் இழுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமோ வெள்ளை உப்புப் படிவோ தெரிந்தால் பிளம்பரைக் கூப்பிட்டு, குழாயைக் கழற்றிப் புது டேப் சுற்றி மாட்டச் சொல்லுங்கள். அரைமணி நேர வேலை. உள்ளே இருப்பது சிபிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த எல்போவாக இருந்தால் அதில் விரிசல் விழுந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஓனருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நீங்களே முன்வந்து சொன்னால் பராமரிப்பு. அவராகக் கண்டுபிடித்தால் அது சேதம், அட்வான்ஸ் கணக்கில் போய்விடும்.

இனி அந்த நள்ளிரவுத் திருடன். ரப்பர் கப்பைச் சுவரோடு அழுத்தி வைத்திருப்பது வெளியே இருக்கும் காற்று. ஆறு சென்டிமீட்டர் அகலக் கப்பை, உள்ளே காற்றே இல்லாமல் ஒட்டினால், சென்னையில் கிட்டத்தட்ட 29 கிலோ பலத்தோடு காற்று அதைச் சுவரில் அழுத்தும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே அது 26 கிலோதான். (சென்னையில் நன்றாக நின்றது, பெங்களூர் வந்து விழுகிறது என்று சொல்பவர்களைக் கேலி செய்யாதீர்கள். பத்தில் ஒரு பங்கு நியாயம் அவர்கள் பக்கம் இருக்கிறது.) கணக்கில் 26 கிலோ வருகிறதே, நாலு கிலோ ஷாம்புக்கு ஏன் விழுகிறது? அந்த 26 கிலோ கப்பைச் சுவரிலிருந்து நேராக வெளியே இழுப்பதற்கு ஆகும் பலம். உங்கள் பாட்டில்கள் வெளியே இழுக்கவில்லை, கீழே இழுக்கின்றன. கீழே சறுக்காமல் தடுப்பது ரப்பருக்கும் டைலுக்கும் நடுவில் உள்ள உராய்வு மட்டுமே. நடுவில் சோப்பு நீர் போனால் உராய்வு ஏது? போதாக்குறைக்கு கீசர் வெந்நீரில் ரப்பர் இளகும், ராத்திரி குளிரில் விறைக்கும். இளகி விறைத்து ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழுந்தால் காற்று உள்ளே போய்விடும். சாண் ஏறினால் முழம் சறுக்குவது என்பது இதுதான். அது ராத்திரி இரண்டு மணிக்கு விழுந்ததிலும் எனக்கு ஆச்சரியமில்லை. அந்த வகையை மறந்துவிடுங்கள். லூஃபா மாட்ட ஒரு கொக்கி வேண்டுமானால் சரி, அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றாவது ஷெல்ஃபுக்கு வருகிறேன். ஏமாற்றம் அதிகம் அதில்தான், கற்றுக்கொள்ள வேண்டியதும் அதில்தான்.

நம் வீடுகளில் எவர்சில்வர் என்றால் ஒரு நம்பிக்கை. அம்மாவின் கல்யாணச் சீர்க் குடம் நாற்பது வருடம் ஆகியும் பளபளக்கிறது, இந்த ஷெல்ஃப் மட்டும் நாலு மாதத்தில் ஏன் இப்படி என்று தோன்றும். குடத்தை நாம் தினம் புளி போட்டோ சாம்பல் போட்டோ தேய்த்து, கழுவி, கவிழ்த்து வைப்போம். உலர்ந்துவிடும். பாத்ரூம் ஷெல்ஃப் உலர்வதே இல்லை. காலையில் நாலு பேர் குளித்து, சாயங்காலம் மறுபடி இரண்டு பேர் குளித்து, ஜன்னலுக்குப் பதில் ஒரு அடிச் சதுரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்த அறையில் அது எப்போது உலரும்?

எவர்சில்வரில் துருவைத் தடுப்பது குரோமியம். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலை அது உலோகத்தின் மேல் உண்டாக்கிக்கொள்ளும். கீறினாலும் தானே மறுபடி மூடிக்கொள்ளும். 304 என்று சொல்லும் ரகத்தில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். நிக்கல் விலை அதிகம் என்பதால் 202 என்ற ரகத்தில் அதைக் குறைத்து மாங்கனீஸ் சேர்ப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வறண்ட இடத்தில் 202 நன்றாகவே உழைக்கும். பாத்ரூமில்தான் மாட்டிக்கொள்கிறது. கடலோர வீடுகளுக்கு மாலிப்டினம் சேர்த்த 316 உண்டு. பெங்களூரில் அதற்குச் செலவழிக்கத் தேவையில்லை.

கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டுவார். 'பாருங்க மேடம், ஒட்டலை, 304!' என்பார். எஸ்.பி. ரோடிலும் சிக்பேட்டையிலும் எனக்கே காட்டியிருக்கிறார்கள். காந்தம் 304-இலும் ஒட்டாது, 202-இலும் ஒட்டாது. ஒட்டாததால் எது என்று தெரியாது. பலமாக ஒட்டினால் இரண்டும் இல்லை என்று மட்டும் தெரியும். பழைய இரும்புக் கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். ஒரு மருந்துச் சொட்டை வைத்து ஒரு சின்ன பேட்டரியைத் தொடுவார்கள். சிவந்தால் மாங்கனீஸ் ரகம் என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் காந்தம் ஒரு இடத்தில் உங்களுக்கு உதவும். ஷெல்ஃபோடு கொடுக்கும் திருகுகளிலும் கொக்கிகளிலும் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் டப்பென்று ஒட்டும். ஷெல்ஃப் நல்ல ஸ்டீலாக இருக்கும், திருகு முலாம் பூசிய இரும்பாக இருக்கும். பல வீடுகளில் கறை வழிவது அங்கிருந்துதான். உங்கள் ஷெல்ஃபையும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள்: துரு எல்லா இடத்திலும் இருக்காது. கம்பியும் கம்பியும் சேரும் வெல்டிங் புள்ளியில், கம்பி வெட்டுப்பட்ட நுனியில், சோப்பு உட்காரும் பள்ளத்தில் இருக்கும். வெல்டிங் சூட்டில் அந்தத் தோல் அந்த இடத்தில் கெட்டிருக்கும். வெட்டிய நுனி துருப்பிடித்திருந்தால், அது எவர்சில்வரே இல்லை. குரோம் முலாம் பூசிய சாதாக் கம்பி. அந்த வகை ஷெல்ஃபுகள்தான் சந்தையில் நிறைய.

இதில் உங்கள் ஊர்த் தண்ணீருக்கும் பங்கு உண்டு. என்ன தண்ணீர் வருகிறது என்று எழுதவில்லை. ஒயிட்ஃபீல்டு என்பதால் போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) கலந்து வருகிறது என்று ஊகிக்கிறேன். சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஐந்நூறு மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரும் காவிரித் தண்ணீர் நகரத்தின் நடுப்பகுதிக்குத்தான் பல வருடமாக வந்துகொண்டிருந்தது. நகரத்தோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்காக, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொடுக்கும் ஐந்தாம் கட்டத் திட்டத்தை 2024 அக்டோபரில்தான் திறந்தார்கள். இணைப்பு வாங்கிய அபார்ட்மெண்டுகளிலும் போர்வெல் ஓய்ந்தபாடில்லை. குடிநீருக்கான இந்தியத் தரம், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது. சோதனைக்கூடமெல்லாம் வேண்டாம். துணி சோப்பு நுரைக்க அடம்பிடிக்கிறதா, குழாய் வாயில் வெள்ளைச் சுண்ணாம்பு கட்டுகிறதா, கீசரைப் பிரித்தால் உள்ளே வடை மாதிரி உப்புக் கட்டி விழுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் ஷெல்ஃபிலும் அதே உப்பு படியும். உப்புக்கு அடியில் இருக்கும் உலோகத்துக்குக் காற்று போகாது, காற்று இல்லாமல் அந்தத் தோல் வளராது. தண்ணீரிலுள்ள குளோரைடு அங்கே சேர்ந்து ஊசி முனை அளவில் அரிக்கத் தொடங்கும்.

ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வெள்ளைப் படிவைப் போக்க டாய்லெட் கழுவும் ஆசிட்டை ஷெல்ஃபில் ஊற்றினீர்களா? நிறைய வீடுகளில் வேலைக்கு வருபவர் நல்ல எண்ணத்தில் செய்வது இது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எவர்சில்வருக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. 304 ஆனாலும் தாங்காது. உப்பைப் போக்க வினிகரோ எலுமிச்சையோ போதும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டுவது அதைவிட ஆபத்து. கிளம்பும் குளோரின் வாயு அந்தச் சின்ன அறையில் மூச்சை அடைக்கும்.

சரி, வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பாத்ரூமில் இருக்கும் அத்தனை பாட்டில்களையும் சமையலறைத் தராசில் வையுங்கள். உங்கள் வீட்டில் என்ன இருக்கும் என்று நானே ஊகிக்கிறேன்: ஒரு லிட்டர் ஷாம்பு, 650 மில்லி கண்டிஷனர், அரை லிட்டர் பாடி வாஷ், பாப்பாவுக்குத் தனி ஷாம்பு, மாமியாருக்குச் சீயக்காய் டப்பா, சனிக்கிழமைக்கு நல்லெண்ணெய் அரை லிட்டர், இரண்டு சோப்பு, கால் தேய்க்கும் கல். மூன்றரை கிலோவைத் தாண்டும். ஷெல்ஃபின் எடையையும் சேர்த்தால் நாலரை. இதில் தினமும் கை படுவது எவ்வளவு? ஒரு கிலோ இருந்தால் அதிகம். ஒரு லிட்டர் பம்ப் பாட்டில் வாங்கினால் மலிவுதான், ஒத்துக்கொள்கிறேன். அதை அலமாரியில் வைத்துவிட்டு, கால் லிட்டர் பாட்டிலில் ஊற்றிப் பாத்ரூமுக்குக் கொண்டுபோங்கள். சீயக்காய் ஈரத்தில் இருந்தால் கட்டி தட்டும். அது இருக்க வேண்டிய இடம் வெளியே. எண்ணெயும் அப்படியே. சனிக்கிழமை காலையில் ஒரு கிண்ணத்தில் காய்ச்சி எடுத்துப் போவதுதானே நம் வழக்கம். பாட்டிலோடு உள்ளே வைத்தால் மூடி வழியாகக் கசிந்து தரை வழுக்கும், அங்கே 72 வயதுக்காரர் நடக்கிறார்.

எடை குறைந்துவிட்டதா? இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெரிய மூன்றடுக்கு ஸ்டாண்ட் ஒன்று வாங்காதீர்கள். ஒட்டும் ரகத்தில், ஏபிஎஸ் பிளாஸ்டிக் அல்லது பவுடர் கோட்டிங் போட்ட அலுமினியத்தில், சின்னதாக இரண்டு வாங்குங்கள். அலுமினியத்தைச் சிலர் 'ஸ்பேஸ் அலுமினியம்' என்று விற்பார்கள். ராக்கெட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனால் பொருள் நல்ல பொருள்தான். சிவப்புத் துரு வராது. கோட்டிங் கீறினால் வெள்ளைப் பொடி பூக்கும், ஆசிட் ஆகாது, அவ்வளவுதான். ஸ்டீல்தான் வேண்டும் என்று மனசு கேட்டால் 304 என்று பில்லில் எழுதி வாங்குங்கள், வாரம் ஒரு முறை துணியால் துடைக்க முடியும் என்றால் மட்டும்.

ஏன் சின்னது என்கிறேன்? ஸ்டிக்கர் பாக்கெட்டில் 'இருபது கிலோ தாங்கும்' என்று போட்டிருக்கும். நேராகக் கீழே இழுத்தால் தாங்கலாம். ஆனால் ஷெல்ஃப் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டில் சுவரிலிருந்து எட்டத்தில் உட்காரும். அதனால் ஸ்டிக்கரின் கீழ் விளிம்பு சுவரை அழுத்தும், மேல் விளிம்பு உரியும். தோசையை ஓரத்திலிருந்து எடுப்பது மாதிரி ஓரம் கிளம்பினால் முழுதும் வந்துவிடும். ஷெல்ஃப் எவ்வளவு அகலமாக முன்னால் நீள்கிறதோ அவ்வளவு சீக்கிரம் உரியும். நாலு விரல் ஆழத்துக்கு மேல் வேண்டாம். அடித்தட்டு கம்பியாகவோ துளை போட்டதாகவோ இருக்கட்டும். தட்டையான தட்டில் சோப்பு ஊறிக் கூழாகும். முன்பக்கம் ஒரு கம்பித் தடுப்பு இருந்தால் பாப்பா கை பட்டாலும் பாட்டில் விழாது.

ஒட்டும் இடம் இன்னும் முக்கியம். உங்கள் சுவரில் நடுவில் ஒரு வரிசை பூப்போட்ட, மேடு பள்ளமான ஹைலைட்டர் டைல்ஸ் இருக்கிறதா? அதன்மேல் எதுவும் நிற்காது. பெயின்ட் சுவரிலும் நிற்காது, பெயின்டோடு பெயர்ந்து வந்துவிடும். வழவழப்பான டைலில், ஒரே டைலுக்குள், ஜாயிண்ட்டின் மேல் வராமல் ஒட்ட வேண்டும். ஜாயிண்ட்டின் பள்ளம் வழியாகத் தண்ணீர் ஸ்டிக்கருக்குப் பின்னால் போகும். ஷவர் நேராகச் சிந்தும் சுவரை விட்டு, பக்கத்துச் சுவரில் வையுங்கள். முந்தின நாள் பாத்ரூமைக் காயவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். சோப்புப் படலம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். ஒட்டி, கட்டை விரலால் முப்பது விநாடி அழுத்துங்கள். அதன் பிறகு ஒரு நாள் முழுதும், முடிந்தால் இரண்டு நாள், எதையும் வைக்காதீர்கள். அந்தப் பசை முழுப் பிடிப்புக்கு வர அவ்வளவு நேரம் எடுக்கும். பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒட்டிய கையோடு பாட்டிலை அடுக்கிவிட்டு, மறுநாள் கம்பெனியைத் திட்டுவார்கள். அந்த இரண்டு நாளும் பாட்டில்கள் வாளிக்குள் இருக்கட்டும்.

ஒன்று நெஞ்சு உயரத்தில் உங்களுக்கும் உங்கள் கணவருக்கும். இன்னொன்று கீழே, பாப்பா எட்டும் உயரத்தில், அவள் சாமான் மட்டும்.

தரையிலிருந்து கூரைவரை ஸ்பிரிங் வைத்து நிற்கும் கம்பு ஸ்டாண்ட் அழகாக இருக்கிறதே என்று நடுவில் தோன்றும். உங்கள் பாத்ரூமில் ஃபால்ஸ் சீலிங் இருக்கிறதா என்று தலையைத் தூக்கிப் பாருங்கள். புது அபார்ட்மெண்டுகளில் அநேகமாக இருக்கும், மேல் மாடிக் குழாய்களை மறைக்க. அந்த அட்டையில் கம்பை முட்டுக் கொடுத்தால் ஒன்று அட்டை உடையும், அல்லது ஒரு நாள் கம்பு சாயும்.

மாமியாருக்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நானாகக் கேட்கிறேன். அவர் நின்றுகொண்டு ஷவரில் குளிப்பவர் இல்லை என்று நினைக்கிறேன். வாளி, மக், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். உட்கார்ந்திருப்பவருக்கு நெஞ்சுயர ஷெல்ஃபால் என்ன பயன்? எழுந்து, எட்டி, ஈரத் தரையில் ஒரு காலை ஊன்றி எடுக்க வேண்டும். அவருக்குத் தரையில் நிற்கும் இரண்டடுக்குப் பிளாஸ்டிக் மூலை ஸ்டாண்ட் போதும். முட்டி உயரம். காலில் ரப்பர் இருக்கட்டும், மேல் தட்டில் சோப்பும் மஞ்சளும், கீழ்த்தட்டில் கனமானவை. ஸ்டூலிலிருந்து கை நீட்டினால் எட்டும் மூலையில் வையுங்கள். விலையைப் பார்த்தால் நீங்கள் இதுவரை வாங்கிய மூன்றில் எதைவிடவும் மலிவாக இருக்கும்.

இன்னொன்று. வயதானவர்கள் எழுந்திருக்கும்போது கைக்கு எது கிடைக்கிறதோ அதைப் பிடிப்பார்கள். யோசித்துப் பிடிப்பதில்லை, கை தானாகப் போகும். என் அம்மாவும் அப்படித்தான் ஒட்டிய ஷெல்ஃபைப் பிடித்தாள். ஷெல்ஃப் கையோடு வந்தது. நல்லவேளை, ஸ்டூலிலேயே திரும்ப உட்கார்ந்துவிட்டாள், முழங்கையில் ஊமைக்காயம்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சுவரில் துளை போட்டு ஸ்டீல் கைப்பிடிக் கம்பி பொருத்தினேன். பாத்ரூம் வேலைக்காரன் வீட்டிலேயே அதுவரை அது இல்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். கைப்பிடிக் கம்பி முழு ஆளின் எடையைத் தாங்க வேண்டும், நூறு கிலோவுக்கு மேல். ஸ்டிக்கரும் ரப்பர் கப்பும் அதற்கு ஆகவே ஆகாது, விளம்பரத்தில் என்ன காட்டினாலும்.

ஆகவே ஓனரிடம் துளைக்கு அனுமதி கேட்பதானால் ஷாம்புக்காகக் கேட்காதீர்கள், இதற்காகக் கேளுங்கள். அவர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் அல்சூரில் ஒரு வீட்டில், டைவர்ட்டருக்கு (தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும் திருகு அது) நேர் மேலே நடுவாக ஒரு ஷெல்ஃப் இருந்தால் அழகாக இருக்கும் என்று டிரில்லை வைத்தேன். டைவர்ட்டரிலிருந்து ஷவர் குழாய்க்குப் போகும் பைப், நேர் மேலேதான் போகும்; இது இப்போது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அன்று தெரியவில்லை. ஷெல்ஃபை மாட்டிவிட்டு, கை கழுவ ஷவரைத் திறந்தேன். திருகைச் சுற்றி வாய்க்கால் ஓடியது. நாலு டைலை உடைத்தோம். அந்த டிசைன் சந்தையில் நின்றுபோய் நாலு வருடம் ஆகியிருந்தது. அந்தச் சுவரில் நாலு டைல் இன்றைக்கும் வேறு நிறத்தில் இருக்கிறது, அதற்கான பணம் என் கூலியிலிருந்துதான் போனது. குழாய்களுக்கு நேர் மேலும் கீழும், ஒரு குழாய்க்கும் அடுத்த குழாய்க்கும் இடைப்பட்ட படுக்கைக் கோட்டிலும் டிரில்லை வைக்கவே கூடாது. டைல் பிட்டைப் போட்டு, டைல் தாண்டும்வரை ஹாமர் போடாமல் மெதுவாகச் சுற்றவிட வேண்டும். துளைக்குள் சிலிகான் விட்டுத்தான் பிளக்கை அடிக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒவ்வொரு குளியலிலும் சுவர் கொஞ்சம் தண்ணீர் குடிக்கும். இதையெல்லாம் தெரிந்த ஆளை வைத்துச் செய்கிறேன், காலி செய்யும்போது கம்பியை இங்கேயே விட்டுப் போகிறேன் என்று ஓனருக்கு வாட்ஸப்பில் எழுதுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும். எப்படியும் காலி செய்யும்போது பெயின்ட்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கத்தான் போகிறார்.

சொந்த வீடு கட்டும்போது இந்தத் தொல்லையே வேண்டாம். நம் பழைய வீடுகளில் விளக்கு வைக்கச் சுவரிலேயே மாடம் விட்டிருப்பார்கள் அல்லவா? பாத்ரூமிலும் அப்படி ஒரு மாடம் விட்டுக் கட்டச் சொல்லுங்கள். மாடத்தின் அடித்தட்டு நம்மைப் பார்த்து ஒரு நூல் சரிவாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்காமல் வழிய. நாலரை அங்குலச் சுவரில் அந்த ஆழம் கிடைக்காது, ஒன்பது அங்குலச் சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக, அந்தத் துருப்பிடித்த ஷெல்ஃபை எடுப்பது. ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாதீர்கள், டைல் பூச்சு பெயரும். ஹேர் டிரையரை ஸ்டிக்கரின்மேல் இரண்டு மூன்று நிமிடம் காட்டுங்கள். தரை காய்ந்திருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும். சூட்டில் பசை இளகியதும் தூண்டில் நரம்பை அதன் பின்னால் விட்டு இரண்டு பக்கமும் ரம்பம் மாதிரி இழுத்தால் அறுத்துக்கொண்டு வரும். மிச்சம் ஒட்டியிருக்கும் பசையில் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துணியால் சுரண்டி எடுத்து, பிறகு சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்கள். காப்பிக் கறைக்கு, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு ஒரு ஸ்பூனை அரை டம்ளர் வெந்நீரில் கரைத்து, டிஷ்யூ பேப்பரை நனைத்துக் கறையின்மேல் ஒட்டிவிடுங்கள். இருபது நிமிடம் கழித்துத் தேய்த்தால் பெரும்பகுதி போகும். போகாவிட்டால் மறுநாள் இன்னொரு தடவை. டைல்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள்; ஒருவேளை அது மார்பிளாக இருந்தால் எலுமிச்சை உப்பைத் தொடவே விடாதீர்கள், கல்லைத் தின்றுவிடும்.

கைப்பிடிக்கு ஓனர் சரி என்று சொன்னால், துளை போடும் முன் டைவர்ட்டர், ஷவர், கீசர் மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பைப் எந்த வழியில் போயிருக்கும் என்று கோடு போட்டுத் தருகிறேன்.